மண்ணை அறிவோம்: புல்வெளிக் களிமண்ணும் அதன் வகைகளும்



மண்ணைப் பத்தி நமக்கே பாடமா என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நாத்து நடுறது, களை எடுக்கிறது, பருத்தி எடுக்கிறது எல்லாம் நம்ம கைதானே. கரிசல் காட்டுல மழைக்கு அப்புறம் நடந்தா, செருப்புக்கு அடியில இன்னொரு செருப்பு கனத்துக்கு மண் ஒட்டும். கோடையில அதே காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்தக் குணம் நம் ஊர் மண்ணுக்கு மட்டும் உள்ளது அல்ல. இதற்கு நெருங்கிய சொந்தக்கார மண் ஒன்று அமெரிக்காவில், தெற்கு டகோட்டா என்ற மாநிலத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம். அந்த மண்ணில் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் நிலம் வாங்கிப் பாடுபட்டார்கள். அவர்களில் பலர் எல்லாத்தையும் போட்டுவிட்டுப் போகவும் வேண்டி வந்தது. அதனால் இது நமக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

தெற்கு டகோட்டாவின் நடுவே மிசௌரி ஆறு ஓடுகிறது. அதன் மேற்குப் பக்கம் மரம் குறைந்த, அலை அலையான புல்வெளி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிரெய்ரி என்று பிள்ளைகள் படிப்பது இதைத்தான். சுமார் ஏழு எட்டு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடலுக்கு அடியில் நைசான சேறு படிந்தது. எரிமலைகள் கக்கிய சாம்பலும் காற்றில் வந்து அதோடு சேர்ந்தது. மேலே மேலே படிந்த பாரத்தில் சேறு இறுகிப் பாறையானது. இப்படி உண்டாகும் பாறைக்கு ஷேல் என்று பெயர். பழைய ஓலைச்சுவடி மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். நகத்தால் சுரண்டினாலே பொடியும் இடமும் உண்டு. அந்தப் பகுதிப் பாறைக்கு ஃபோர்ட் பியர் என்ற ஊரின் பெயரால் பியர் ஷேல் என்று 1862ல் பெயர் வைத்தார்கள்.

சேறு பாறையாச்சு, பாறை வெயிலிலும் மழையிலும் உறைபனியிலும் நொறுங்கி மறுபடி சேறாச்சு. அதுதான் அந்த மண். அந்த ஊர்க்காரர்கள் அதை கம்போ என்று சொல்றாங்க. ஈரத்தில் வண்டிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும் பிசின் மண் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மண் ஏன் இப்படி ஊதுது, சுருங்குது? களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. எரிமலைச் சாம்பல் மாறி உண்டான ஸ்மெக்டைட் என்ற களியில் ஒவ்வொரு துகளும் அடுக்கு அடுக்கான தகடுகளாக இருக்கும். தண்ணீர் பட்டால் அந்த அடுக்குகளுக்கு இடையில் புகுந்து அவற்றை விலக்கும், மண் ஊதும். காய்ந்தால் அடுக்குகள் நெருங்கும். மண் சுருங்கி வெடிக்கும். சுத்தமான இந்தக் களி ஒரு கிராம் எடுத்து அதன் எல்லாத் தகடுகளையும் விரித்துப் பரப்ப முடிந்தால் 600 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு சிட்டிகை மண்ணில் ஏறக்குறைய பதினைந்து சென்ட் நிலம்! உரச்சத்தையும் தண்ணீரையும் இந்த மண் இவ்வளவு பிடித்து வைக்கிற ரகசியம் இதுதான்.

ஆனால் பிடித்து வைக்கிறது வேறு, கொடுக்கிறது வேறு. மணல் நிலத்தில் ஈரம் கொஞ்சம்தான் நிற்கும், அதில் பெரும்பகுதியை வேர் எடுத்துக்கொள்ளும். களியில் ஈரம் நிறைய இருக்கும். ஆனால் கடைசி ஈரத்தை மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேரால் இழுக்க முடியாது. தோண்டிப் பார்த்தால் மண் ஜில்லென்று இருக்கும், பயிர் வாடி நிற்கும். முதல் மழையை வெடிப்பு வழியாக மண் மடமடவென்று குடிக்கும். மண் ஊதி வெடிப்பு மூடியதும் மீதி மழை மேலாக ஓடிவிடும். ஆகவே ஆண்டு மழை எவ்வளவு என்பதைவிட அது எப்படிப் பெய்தது என்பதே இந்த மண்ணில் பெரிய கேள்வி. டகோட்டாவின் அந்தப் பகுதியில் ஆண்டுக்கு 400 முதல் 500 மில்லிமீட்டர் மழைதான். நாட்டுப் புல்லுக்கு அது போதும். தானியத்துக்குப் பல ஆண்டுகளில் போதாது.

இங்கேதான் அந்தப் பெண்களின் கதை வருகிறது. அந்த நிலம் முதலில் லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1889ல் ஒரு சட்டம் போட்டு அவர்கள் நிலத்தைத் துண்டாக்கி, பெரும்பகுதியை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியில்லை. 1862ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதான எவரும் 160 ஏக்கர் வரை கேட்கலாம்; ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். திருமணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே கேட்கலாம். கணவனோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை! 1900க்குப் பிறகு மிசௌரிக்கு மேற்கே வந்தவர்களில் தனிப் பெண்கள் பலர் இருந்தார்கள்.

சட்டம் ஏக்கரை அளந்தது, மண்ணை அளக்கவில்லை. ஒருவருக்குக் கிடைத்த 160 ஏக்கரில் ஆழமான களி இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு நாலு விரற்கடை மண்ணும் அடியில் பாறையும். காகிதத்தில் ரெண்டும் ஒண்ணுதான். 1910, 1911ல் மழை பொய்த்தபோது ஏராளமான குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன. 1930களின் வறட்சியில் மிச்சம் இருந்தவர்களிலும் பலர் போனார்கள். கடைசியில் அரசாங்கமே பயிருக்கு உதவாத நிலங்களை விலைக்கு வாங்கித் திரும்பப் புல் வளர விட்டது. ஃபோர்ட் பியர் தேசியப் புல்வெளி என்று ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் இன்றும் இருப்பது அப்படி வந்ததுதான்.

மாடு வளர்க்கும் உறுப்பினர்கள் இதையும் கேளுங்க. 1850களில் அந்தப் பக்கத்து ராணுவ முகாம் ஒன்றில் குதிரைகளுக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து, குளம்பு கழன்று போனதாக ஒரு ராணுவ மருத்துவர் எழுதி வைத்தார். உப்புத் தண்ணீரால் வருகிற நோய் என்றே விவசாயிகள் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1930களில்தான் காரணம் தெரிந்தது. அந்த ஷேல் பாறையில் செலினியம் என்ற தாது இருக்கிறது. பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும் தானியத்துக்கும், அங்கிருந்து கால்நடைக்கும் போயிருக்கிறது. மிகக் கொஞ்சமாக உடம்புக்குத் தேவையான சத்துதான் அது. அளவு மீறினால் நஞ்சு. நம் நாட்டில் பஞ்சாபில் சில பகுதி மண்ணிலும் இது அதிகம்.

சரி, மண்ணுக்கு எப்படி வகை பிரிக்கிறாங்க? அமெரிக்க வேளாண்துறை 1975ல் வெளியிட்ட முறையைத்தான் திருத்தங்களோடு நம் நாட்டு மண் ஆய்வாளர்களும் கையாள்கிறார்கள். உலக மண் எல்லாவற்றையும் 12 பெரிய வகையறாக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஊதிச் சுருங்கும் களிமண்ணுக்கு வெர்டிசால் என்று பெயர். லத்தீனில் 'புரட்டுவது' என்ற சொல்லிலிருந்து வந்தது. வெடிப்பில் மேல்மண் விழும், மழையில் அடிமண் ஊதி மேலே தள்ளும். இப்படித் தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று கருத்து.

ஒரு மண் இந்த வகையறாவில் சேர மூன்று அடையாளம் வேண்டும். நூற்றுக்கு முப்பது பங்காவது களி இருக்கணும். வெடிப்பு திறந்து மூடணும். குழி தோண்டினால் ஒரு மீட்டருக்குள் எண்ணெய் தடவினது போல வழவழவென்று மின்னும் சாய்ந்த முகங்கள், அல்லது ஆப்பு வடிவக் கட்டிகள் தெரியணும். ஊதிய மண் ஒன்றோடொன்று உரசி நகர்ந்ததால் வந்த பளபளப்பு அது.

வகையறாவுக்குள் கிளை பிரிப்பது வெடிப்பை வைத்துத்தான். வருஷத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வெடிப்பு திறந்திருந்தால் அஸ்டர்ட், குறைவாக இருந்தால் யூடர்ட் என்பது பொதுவான கணக்கு. பாலைவனத்துக்கும் குளிர்நாட்டுக்கும் வேறு கிளைகள் உண்டு. வாயில் நுழையாத பெயர்தான், ஆனா பிரித்துப் படித்தால் சுலபம். ஹாப்ளஸ்டர்ட் என்பதில் 'ஹாப்ள்' என்றால் எளிய, 'அஸ்ட்' என்றால் காய்ந்த, 'எர்ட்' வெர்டிசாலின் வால். இன்னாருடைய மகள், இந்தத் தெரு, இந்த ஊர் என்று நாம் அடையாளம் சொல்ற மாதிரிதான். மொத்தம் ஆறு படி. கடைசிப் படியில் பெரும்பாலும் பக்கத்து ஊரின் பெயர் இருக்கும்.

டகோட்டாவில் ஒரே மேட்டில் மூன்று பெயர் வரும். சரிவில் 20 அங்குலத்துக்குள் பாறை தட்டினால் அது சான்சார்க். இதை வெர்டிசாலிலேயே சேர்க்கவில்லை, மண்ணாகி முடியாத மண் என்று வேறு வகையறாவில் வைத்தார்கள். 20 முதல் 40 அங்குலம் என்றால் ஓப்பல். அதற்கும் ஆழமாகத் தட்டையான இடத்தில் இருப்பது பிராமிஸ். ஆங்கிலத்தில் வாக்குறுதி என்று பொருள்! பாறை ஒன்று, நிறமும் ஏறக்குறைய ஒன்று, ஆழம்தான் விலையைத் தீர்மானிக்கிறது.

நம் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் பக்கத்திலும் பழைய கடலின் களிப்படிவம் வெளியே தெரிகிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டு வயது. கடல் நத்தை போலச் சுருண்ட கல்லெச்சங்கள் அங்கே கிடைக்கின்றன. ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணாடி போல மின்னும். கடலே காணாத ஊரில் கடல் சேறு! கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் அப்படி வரவில்லை, அங்கே அடியில் இருக்கும் பாறையே வேறு. வந்த வழி வேறானாலும் ஊதிச் சுருங்கும் குணத்தால் அதுவும் வெர்டிசால்தான்.

நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ குழுவில் கடன் கேட்கும் முன்னால், மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று மூன்று குழி தோண்டிப் பாருங்க. மேல்மண் கறுப்பைப் பார்த்து விலை பேச வேண்டாம். எத்தனை முழத்தில் பாறையோ சுக்கானோ தட்டுது என்று பார்க்கணும். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி தள்ளுங்க. இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுபடாமல் வந்தால் களி அதிகம். சீக்கிரம் அறுந்தால் மணலோ வண்டலோ கலந்திருக்கும்.

வீடு கட்டக் கடன் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஊதிச் சுருங்கும் மண்ணில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் ஒரு மழை, ஒரு கோடை போதும், சுவர் மூலைக்கு மூலை கீறல் விடும். வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் போகணும். சுற்றிலும் மணலோ கிராவலோ நிரப்பணும். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரோரம் தேங்கக் கூடாது. அடியில் குடை போல அகன்ற தூண் அஸ்திவாரத்தை இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தந்திருக்கிறது. உங்க கொத்தனாரிடம் அதைக் கேட்டுப் பாருங்க. வேப்பமரம், புளியமரம் இருந்தால் சுவரைத் தள்ளிப் போடச் சொல்லுங்க. வேர் ஈரத்தை உறிஞ்சும் பக்கம்தான் மண் முதலில் இறங்கும்.