கொசுறு மிளகாயும் 100 கிராம் பாக்கெட்டும்

இன்னைக்குப் பச்சை மிளகாய். "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு கேட்கிறவங்க, எழுந்து போய் ஃப்ரிட்ஜோட காய்கறி டிரேயைப் பாருங்க. ஒரு கவர்ல கொழகொழன்னு நாலஞ்சு மிளகாய் கிடக்கும்.

பிரச்சனை அளவுதான். தெருமுனைக் கடையில கறிவேப்பிலையோட நாலு மிளகாய் கொசுறா விழும். ஆப்ல பெரும்பாலும் 100 கிராம் பாக்கெட். தனியா சமைக்கிற ஆளுக்கு அது வாரக்கணக்கில் வரும்.

கடையில வாங்கினா காம்பைப் பாருங்க. பச்சையா இருந்தா புதுசு. கறுத்துப்போய், தோலும் சுருங்கியிருந்தா பறிச்சு நாளாச்சு. சிவந்ததை ஒதுக்க வேண்டாம், அது கெட்டது இல்லை, பழுத்தது. அதை முதல்ல சமைச்சிடுங்க.

வீட்டுக்கு வந்ததும் காம்பைக் கிள்ளிடுங்க. ஈரம் தங்கி அழுகல் ஆரம்பிக்கிற இடம் பெரும்பாலும் அதுதான். கழுவினா துணியில பரப்பி முழுசா காய வைக்கணும். மூடி போட்ட டப்பாவில டிஷ்யூ விரிச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரெண்டு வாரம் தாராளமா தாங்கும். டிஷ்யூ ஈரமானா மாத்துங்க. ஒண்ணு அழுகினாலும் உடனே எடுத்துடுங்க, பக்கத்துல இருக்கிறதை அது சும்மா விடாது. மிச்சத்தை ஃப்ரீஸர்ல போடலாம். சதை தொளதொளன்னு ஆகிடும், அதனால தயிர்ப் பச்சடிக்குச் சரிவராது. சாம்பாருக்கும் சட்னிக்கும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

இப்போ காரம். விதையிலதான் காரம்னு எல்லா வீட்லயும் சொல்வாங்க. காரத்தைத் தர்ற கேப்சைசின் முக்கியமா உருவாகுறது விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்புல. விதையில இருக்கிறது அங்கிருந்து ஒட்டினதுதான். அதனால காரம் குறைக்க விதையைத் தட்டினா போதாது, நரம்பையும் சுரண்டணும். கீறிப் போட்டா காரம் கம்மியா இறங்குறதும், அரைச்சா தலைக்கேறுறதும் இதே காரணத்தால. ஒரு விஷயம், முழு மிளகாயைக் கீறாம சூடான எண்ணெயில போடவே போடாதீங்க. உள்ள ஆவி அடைச்சு வெடிச்சா எண்ணெய் முகத்துலதான் தெறிக்கும்.

கேப்சைசின் தண்ணியில அவ்வளவா கரையாது, எண்ணெயில கரையும். கை எரிஞ்சா முதல்ல சமையல் எண்ணெய் தேய்ச்சு, அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டுக் கழுவுங்க. வாய் எரிஞ்சா பாலோ தயிரோ.

கண் வேற கதை. என் ரூம்மேட் சாயங்காலம் மிளகாய் நறுக்கினான், ரெண்டு தடவை கையும் கழுவினான். ராத்திரி காண்டாக்ட் லென்ஸைக் கழட்டக் கண்ணுல விரலை வெச்சதும் அலறிட்டான். கண்ணுல எண்ணெய், பால் எதுவும் விடக்கூடாது. லென்ஸை எடுத்துட்டு, சுத்தமான தண்ணியை விட்டுக்கிட்டே இருக்கணும்; அடங்கலைன்னா கண் டாக்டர். அவனுக்கு அரை மணி நேரத்துல அடங்கிச்சு. அந்த லென்ஸ் குப்பைக்குப் போச்சு. லென்ஸ் போடுறவங்க, கைக்குழந்தையைத் தூக்குறவங்க கையுறை போட்டுக்கோங்க, இல்லைன்னா எங்களை மாதிரி மிளகாய்க்குன்னே ஒரு கத்தரிக்கோல் வெச்சுக்கோங்க.