பெட்டி யாருடையதாக இருந்தால் என்ன, கதை நம்முடையதா?

அந்தி சாய்ந்து, கால் கை கழுவி, சாமி விளக்கு ஏற்றியதும் நம் லயத்து வீடுகளில் முதலில் திறப்பது தொலைக்காட்சிப் பெட்டிதான். பால் வெட்டு, குலை வெட்டு, உரம் போடுதல் என்று பகலெல்லாம் உழைத்த உடம்புக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் ஓய்வு. அதை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நம் தோட்டங்களில் பேச்சும் பெட்டியைப் பற்றித்தான். "ஏண்ணே, பிக்பாஸ்ல கமல் இருந்தப்ப இருந்த களை இப்ப இருக்கா?" என்று ஒருவர் கேட்க, "விஜய் சேதுபதி நம்ம ஆளு மாதிரி பேசறாரு, அதுதான் எனக்குப் புடிக்கும்" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். 2017 முதல் ஏழு பருவங்களை நடத்திய கமல்ஹாசன் விலக, 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி வந்தார். அந்தச் செய்தி சென்னைக்குப் போன வேகத்திலேயே ரெங்கத்துக்கும் லாயாங் லாயாங்குக்கும் வந்து சேர்ந்துவிட்டது!

ஆனால் அதே சமயத்தில் வந்த இன்னொரு செய்தியை நம்மில் பலர் கவனிக்கவில்லை. அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பும் விஜய் டிவி கைமாறியது. 2024 நவம்பர் 14-இல் ரிலையன்ஸ் நிறுவனமும் டிஸ்னியின் இந்தியத் தொலைக்காட்சிப் பிரிவும் ஒன்றாக இணைந்தன. இந்தக் கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்றார்கள். நூற்றுக்கு மேற்பட்ட சேனல்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் என்று கைப்பேசிச் செயலி ஒன்றும் வந்தது.

"அது அம்பானி வீட்டு விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறோம். சேனல்கள் ஒரு சில கைகளில் சேரும்போது, எதைக் காட்டுவது, என்ன விலைக்கு விற்பது என்பதை அந்தக் கைகளே முடிவு செய்யும். கடல் தாண்டி அந்தச் சரக்கு இங்கே வந்து சேரும்போது, கடைசிச் செலவு யார் தலையில்? மாதா மாதம் கட்டணம் கட்டுகிற குடும்பத்தின் தலையில்தான். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அரிசி, பால் மாவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

பழைய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-இல். அதே ஆண்டு பிப்ரவரியிலேயே சிங்கப்பூர் தொடங்கிவிட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த நம் ஜொகூர்க்காரர்களுக்கு இரண்டு நாட்டு அலையும் கிடைத்தது. அப்போது வீட்டுக்கு ஒரு பெட்டி ஏது? மண்டபத்தில் ஒரு பெட்டி. இல்லாவிட்டால் கிராணி வீட்டு ஜன்னல். தோட்டத்து இஞ்சின் நின்றால் படமும் நின்றுவிடும். கார் பேட்டரி வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கறுப்பு வெள்ளை 1978-இல் வண்ணமாயிற்று. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்து, கூரைக்குக் கூரை தட்டு முளைத்தது. மண்டபம் காலியாயிற்று.

2019-இல் பழைய ஒளிபரப்பு முறையை நிறுத்தினார்கள். அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் டிஜிட்டல். அன்று பல வீடுகளில் பெட்டி திடீரென்று இருண்டது. "டிவி கெட்டுப் போச்சு" என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கெட்டதெல்லாம் இல்லை! டிஜிட்டல் அலையை வாங்கும் சிறு பெட்டியொன்றை இணைத்தால் போதும். அரசாங்க உதவித் தொகை பெற்ற குடும்பங்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள். புதிய தொலைக்காட்சி வாங்குகிறவர்கள் 'டிவிபி-டி2' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் தனிப் பெட்டியும் தேவையில்லை. யூஎச்எஃப் ஆன்டெனாவை ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். தெற்கு ஜொகூருக்குக் கூனோங் பூலாய், வடக்கே கூனோங் லேடாங்.

இதற்கு மாதக் கட்டணம் ஒரு காசும் இல்லை. ஆர்டிஎம்மின் டிவி2-இல் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் உண்டு. தென்கோடியில் இருப்பவர்களுக்கு, அலை எட்டினால், சிங்கப்பூரின் வசந்தமும் கிடைக்கும். 2008 அக்டோபரிலிருந்து அது இந்தியச் சமூகத்துக்கென்றே தனி ஒளிவழியாக நடக்கிறது. ஆஸ்ட்ரோ கட்டாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. வானவில்லும் விண்மீனும் நம் உள்ளூர்க் கலைஞர்களுக்குச் சோறு போட்ட அலைவரிசைகள். வசதி உள்ளவர்கள் கட்டட்டும். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

இனி நம் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறோம். சென்னை மாமியார் மருமகள் சண்டையில் நமக்கு எல்லாப் பெயரும் தெரியும். ஆனால் பெரட்டுக்களத்தில் அதிகாலை நின்ற நம் தாத்தாவின் கதை எந்தப் பெட்டியில் ஓடுகிறது? தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது சாமான் சட்டியோடு ரோட்டுக்கு வந்த குடும்பத்தின் கதை எங்கே? சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் எடுத்த 'ஜகாட்' அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைக் காட்டியது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் வாங்கியது. நம் கதை விலை போகாது என்று யார் சொன்னது?

பார்க்க ஆள் இருந்தால்தான் நிகழ்ச்சி இருக்கும். உள்ளூர்த் தமிழ் நாடகம் வரும் நேரத்தில் பெட்டியை அங்கே திருப்புங்கள். நன்றாக இருந்தால் நன்று என்றும், மோசமாக இருந்தால் மோசம் என்றும் அங்காசாபூரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதட்டும். அதுவும் தமிழ்ப் பயிற்சிதானே! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் ஒரு பெட்டியை வைத்து எல்லோரும் சேர்ந்து பாருங்கள்.

பெட்டியை அம்பானி வாங்கட்டும், வேறு யாரும் வாங்கட்டும். அதைத் திருப்புகிற கை நம் கை. அதை மட்டும் யாருக்கும் விற்றுவிட வேண்டாம்.