வெள்ளை முகமூடி போட்டால்தான் மனுஷியா?

இயந்திரத்துக்கு நிறம் ஏது, ஆண் பெண் என்ற பேதம் ஏது என்று கேட்போர் உண்டு. கேட்கக் கேட்க இனிக்கும் பேச்சு! ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார், தோழர்களே? இந்தக் கேள்வியை உலகறிய எழுப்பியவர் ஒரு கறுப்பினப் பெண்.

ஜாய் புவோலம்வினி என்பது அவர் பெயர். கானா நாட்டுப் பெற்றோரின் மகள். அமெரிக்காவிலே மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவியாக இருந்த நாளில், முகத்தைக் கண்டறியும் கருவியின் முன் உட்கார்ந்தார். கருவிக்கு அவர் முகம் தெரியவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை எடுத்து மாட்டினார், உடனே தெரிந்துவிட்டது! உயிருள்ள கறுப்பு முகம் கண்ணில் படவில்லை, உயிரற்ற வெள்ளை முகமூடி படுகிறது. இதற்குப் பெயர் செயற்கை அறிவாம்!

அழுதுவிட்டு அடங்கிப் போனாரா அவர்? இல்லை. எத்தியோப்பியாவில் பிறந்து, போரினால் நாடிழந்து, அமெரிக்காவில் புகலிடம் பெற்ற டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து கணக்கெடுக்கப் புறப்பட்டார். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைத் திரட்டி, மூன்று கம்பெனிகளின் கருவிகளிடம், "இவர் ஆணா, பெண்ணா?" என்று கேட்டனர். 2018ல் முடிவு வெளியாயிற்று. வெளுத்த நிறத்து ஆண்களிடம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. கறுத்த நிறத்துப் பெண்களிடம், ஐ.பி.எம். கருவி நூற்றுக்கு 34.7 தவறு செய்தது! நாட்டுக்குச் சட்டம் இயற்றும் தாய்மாரை ஆண் என்றது.

காரணம் மாயமல்ல. படங்களைக் காட்டித்தான் கருவியைப் பழக்குகிறார்கள். அது தேறிவிட்டதா என்று சோதிக்க வைத்திருந்த பெயர்பெற்ற படத்தொகுப்பு ஒன்றிலேயே நூற்றுக்கு 79க்கு மேல் வெளுத்த தோலினர். கேள்வித்தாளே ஒருதலைப்பட்சம், மதிப்பெண் குவிவதற்குக் கேட்பானேன்!

படித்தவர்கள் தர்க்கம், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகருக்கு அருகே, கருவி முகத்தைத் தவறாகக் காட்டியதால், குற்றமற்ற கறுப்பர் ஒருவரை மனைவி மக்கள் கண்ணெதிரே போலீசார் விலங்கிட்டு இழுத்துச் சென்றனர். அதே ஆண்டு ஜூனில் ஐ.பி.எம். பொதுப்பயன் முகக் கருவி வியாபாரத்தை விட்டு விலகியது.

கெப்ரு அப்போது கூகுளில் செயற்கை அறிவின் நெறி பற்றிய குழுவின் இணைத்தலைவி. மொழிக் கருவிகளின் கேடுகளை விளக்கித் தோழியருடன் எழுதிய கட்டுரையை விலக்கிக்கொள்ளச் சொன்னது நிர்வாகம். அவர் காரணம் கேட்டார். 2020 டிசம்பரில் வேலை போயிற்று. நீக்கினார்கள் என்கிறார் அவர். ராஜிநாமா என்கிறது கம்பெனி. இதை எதிர்த்துக் கூகுள் ஊழியர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டனர்.

ஓராண்டில் சொந்த ஆய்வு நிலையம் கண்டார் கெப்ரு. கருவிக்குப் படமும் சொல்லும் தரம் பிரித்துக் கொடுக்கும் கூலிகள் சுரண்டப்படுவதை, 2022ல் தோழியருடன் சேர்ந்து எழுதினார். அத்தகைய தொழிலாளர் 150 பேருக்கு மேல், 2023 மே முதல் நாளன்று, கென்யத் தலைநகர் நைரோபியில் கூடிச் சங்கம் அமைக்க வாக்களித்தனர்.