சர்க்கரை அம்மாவுக்கு, சமையல் யாருக்கு?

அப்பாவுக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாடு சப்பாத்திக்கு மாறியிருக்கும். காய்கறிப் பையில் பாகற்காய் ஏறியிருக்கும். குளுக்கோமீட்டர் ஒன்றும், நடைப்பயிற்சிக்கு ஒரு ஜோடி ஷூவும் வந்திருக்கும். டாக்டர் சொன்னதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவர் அம்மா. மறுநாளே அதைச் சமையலில் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அதே ரிப்போர்ட் அம்மா பெயரில் வந்தால்? பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் போய்ச் சேர்கிறது. ‘இப்ப யாருக்குத்தான் இல்ல’ என்று அவரே சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விடுகிறார்.

புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் எப்படிச் சமாளிப்பது என்று எழுதச் சொல்லித்தான் ஆசிரியர் குழு என்னை அனுப்பியது. போன வீடுகளில் ஆண்கள் எண்களைச் சொன்னார்கள், பெண்கள் கதையைச் சொன்னார்கள். அதனால் கட்டுரை பெண்கள் பக்கமே சாய்கிறது. ஆண்களும்தானே அவதிப்படுகிறார்கள், குடியையும் சிகரெட்டையும் விட முடியாமல் திண்டாடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் அவர்கள் தட்டை நேரத்துக்கு வைக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023இல் ‘லான்செட்’ குழும இதழில் வெளியான நாடு தழுவிய ஆய்வு. ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அக்கா. வயது 47. நோய் தெரிந்து மூன்று மாதம் ஆகிறது. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று சீட்டில் இருப்பதால் ஏழரைக்கெல்லாம் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகு மாமனாருக்கு இட்லி, வீட்டுக்காரருக்கு டிபன் கேரியர், பையனுக்கு முறுகலாகத் தோசை. பத்தரைக்குத்தான் இவர் முறை. அதுவும் அடுப்படி மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே. பையன் மிச்சம் வைத்த தோசை ஒன்றரை, ஆறிப்போன இட்லி நாலு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த சட்னி. “கொட்டவா முடியும்?” என்கிறார்.

ஒன்பதரை வாக்கில் கை நடுங்குமாம், குப்பென்று வேர்க்குமாம். “வேலை அசதின்னு நெனச்சேம்மா. ஒரு வாய் காபி குடிச்சா சரியாப் போயிரும்.” அந்தக் காபியில் இருந்த சர்க்கரைதான் அவரைத் தூக்கி நிறுத்தியது என்பது அவருக்குத் தெரியவில்லை.

நோய் தெரிந்ததும் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் சர்க்கரையை இறக்கி நடுங்க வைப்பது அபூர்வம். கூடவே கிளிமிபிரைடு போன்ற மாத்திரை இருந்தால் கதை வேறு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. மாத்திரை உள்ளே போய் மூன்று மணி நேரம் வயிறு காலியாகக் கிடந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். பிறகு மிச்சம் மீதியை எல்லாம் ஒரே மூச்சில் சாப்பிடும்போது சரசரவென்று ஏறும். மதியம் எடுத்த ரத்தத்தில் எண் கூடுதலாக இருப்பதைப் பார்த்து டோஸைக் கூட்டினால், மறுநாள் காலை நடுக்கம் இன்னும் அதிகமாகும். சாப்பிடும் நேரத்தை டாக்டரிடம் யாராவது சொன்னால்தானே? வெள்ளிக்கிழமை விரதம், ஆடிச் செவ்வாய் விரதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அரிசியை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அரைத்து, கரைத்து, கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாக ஏறும். தனிச் சமையலே தேவையில்லை. நாலு இட்லியை இரண்டாக்கி, கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வைத்துக்கொள்ளலாம். மதியம் சோறு குறைந்து காயும் கூட்டும் கூடட்டும். அதை வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம்.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத சங்கதிகளும் இருக்கின்றன. அந்தரங்க இடத்து அரிப்பும், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றும் சில சமயம் சர்க்கரையின் முதல் அறிகுறி. ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போனவர்களுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி தவறாத வீடுகளிலேயே இது தவறிப்போகிறது. இன்னொன்று ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, பெரிய உதவி. சாப்பாட்டு நேரத்தை வீட்டார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் அக்கா வீட்டில் எட்டு மணிக்கு அவர் சாப்பிட்டால் மாமனார் இட்லி கால் மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதைக் கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த முறை லேபுக்கு உங்கள் அம்மாவோடோ மனைவியோடோ நீங்களும் போங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். இடையில் ஓர் ஓட்டம் வீட்டுக்குப் போய்ச் சமையலை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்பார். விடாதீர்கள்.