செயலி செய்வோம் – 9: மைசூருவில் ஒரு பூக்கணக்கு

சென்னையிலிருந்து கிளம்பும் காவேரி எக்ஸ்பிரஸிலும், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு என்று ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போகும் மயிலாடுதுறை ரயிலிலும் பெட்டி படுக்கையோடு மைசூருவுக்குப் போகும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி, பயிற்சிக்குப் போகிறவர்கள். மெக்கானிக்கல் படித்தவர் உண்டு, சிவில் படித்தவர் உண்டு. கல்லூரியில் ஒரே ஒரு பருவம் நிரல் எழுதியதோடு சரி என்பவர்களும் உண்டு. இறங்கும் இடம் ஹெப்பாள் பகுதியிலுள்ள இன்ஃபோசிஸ் வளாகம்.

1981-இல் தொடங்கிய அந்த நிறுவனம், மைசூருவில் சுமார் 337 ஏக்கரில் ஒரு பயிற்சி நகரத்தையே கட்டியிருக்கிறது. அதன் இரண்டாம் கட்டம் 2009 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, ஒரே நேரத்தில் 14,000 பேர் பயிலலாம் என்ற நிலை வந்தது. அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பகலில் வகுப்பு, மாலையில் கணினிக்கூடம் என்று மாதக்கணக்கில் போகும் வாழ்க்கை அது. பக்கத்து அறைக்காரருக்கும் அதே பிழைதான் வந்திருக்கும், நள்ளிரவில் கதவைத் தட்டிக் கேட்கலாம். நிரலை அருகருகே உட்கார்ந்து எழுதிப் பழகுவதுதான் அந்த வளாகத்தின் பெரிய வரம் என்பேன்.

2025 பிப்ரவரியில் அங்கிருந்து வந்த செய்தி பல வீடுகளைக் கலங்கடித்தது. மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்மதிப்பீட்டில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை நிறுவனம் அனுப்பிவிட்டது. அவர்களில் பலர் 2022-இல் பட்டம் முடித்து, வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுக்கும் மேல் காத்திருந்து 2024 அக்டோபரில் சேர்ந்தவர்கள். கர்நாடகத் தொழிலாளர் துறை விசாரிக்கப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதை இந்தத் தொடர் தீர்க்க முடியாது. ஆனால் பயிற்சிக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் ஒன்று சொல்வேன்: முடிவு எதுவானாலும், வெளியே வரும்போது உங்கள் போனில் நீங்கள் செய்த ஏதோ ஒன்று ஓட வேண்டும். அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

போன வாரம் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவினோம். இந்த வாரம், கணினியிலேயே போனைப் போல இயங்கும் எமுலேட்டரைத் திறக்க வேண்டாம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி அதில் திணறிவிடும். பழைய போன் ஒன்றை எடுங்கள், திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய், பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் கணினியோடு இணையுங்கள். கணினி போனைக் கண்டுகொள்ளவில்லையா? முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றி, தகவலைக் கடத்தாத கேபிள்கள் ஏராளம். இங்கேயே சோர்ந்து மூடி வைத்துவிடுகிறவர்கள் அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு மைசூருவின் தேவராஜா மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். மல்லிகை விற்பவருக்கு ஒரு கணக்குச் செயலி. பூவின் பெயர், அளவு, விலை, ‘சேர்’ என்று ஒரு பொத்தான், கீழே அன்றைய மொத்தம். அவ்வளவுதான். எழுதத் தொடங்கியதும் முதல் கேள்வி வரும். அளவு என்ற இடத்தில் கிலோ என்று போட்டுவிட்டால் போதுமா? உதிரிப்பூ எடைக்குப் போகும். கட்டிய சரத்தை அங்கே மாரு கணக்கில் கொடுப்பார்கள், இங்கே நாம் முழம் போடுகிறோம். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் இது தோன்றாது. பூக்கடை முன்னால் பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

இப்போது செயலியைப் போனில் ஓட்டுங்கள். நான்கைந்து விற்பனையைச் சேர்த்துவிட்டு, போனைக் குறுக்காகத் திருப்புங்கள். மொத்தத்தைச் சாதாரண மாறியில் வைத்திருந்தால் அது பூஜ்யமாகியிருக்கும். திரை திரும்பினால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது, பழைய மாறி அதோடு போய்விடுகிறது. பாடப்புத்தகத்தில் ‘ஆக்டிவிட்டி லைஃப்சைக்கிள்’ என்று படம் போட்டு விளக்கியிருப்பார்கள். எத்தனை முறை படித்தாலும் தலையில் ஏறாத அந்தப் படம், சேர்த்த கணக்கு கண்ணெதிரே காணாமல் போகும் அந்த நொடியில் ஏறிவிடும்.

மொத்தத்தைத் திரைக்கு வெளியே, வியூமாடல் என்ற தனிப்பகுதியில் வையுங்கள். திருப்பினால் தாங்கும். அத்தோடு நிம்மதி அடைய வேண்டாம். வியாபாரத்துக்கு நடுவே பூக்காரருக்கு அழைப்பு வருகிறது, பேசி முடித்து யாருக்கோ பணம் அனுப்ப வேறு செயலியைத் திறக்கிறார். நினைவகம் குறைந்த போன், பின்னால் கிடக்கும் நம் செயலியை மொத்தமாக நிறுத்திவிடக்கூடும். அப்போது வியூமாடலும் மிஞ்சாது. கணக்கு போனின் சேமிப்பகத்தில் எழுதப்பட வேண்டும், அதற்குத்தான் ரூம் என்ற தரவுத்தள நூலகம். விலை உயர்ந்த போனில் இந்தக் குறை பல மாதம் வெளியே தெரியாமலே இருக்கும். பூக்காரர் கையில் இருப்பது அந்தப் போன் அல்ல.

திரையில் தெரியும் சொற்களையும் நிரலுக்குள் நேரடியாக எழுதாதீர்கள். மொழிக்கொரு கோப்பில் வைத்தால், போனின் மொழி கன்னடமானால் கன்னடமும் தமிழானால் தமிழும் தானாக வரும். இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969 முதல் இருக்கிற ஊரை வைத்துப் பழகுகிறோம், ஆங்கிலத்தில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தலாமா? தமிழைப் போட்டதும் எழுத்தளவை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘இன்றைய மொத்த வரவு’ என்பது பாதியில் வெட்டுப்படும். அந்தச் சொற்கள் இருக்கும் பெட்டியின் அகலத்தை எண்ணாகக் கட்டிப்போட்டதன் விளைவு அது.

கூகுள் 2016-இல் இந்தியாவில் மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் பேரை ஆண்ட்ராய்டு நிரலாளர்களாக்கப் போவதாக அறிவித்தது. அப்போது வந்த சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் 6,500 ரூபாயாக இருந்தது. அரைகுறையாக முடித்த செயலி ஒன்றைக் கொடுத்து, பிழைகளைத் திருத்தி விடுபட்டதைச் சேர்க்கச் சொல்வதுதான் அதன் முக்கியப் பகுதியாக இருந்தது. இந்த வேலைக்கு ஏற்ற தேர்வு அப்படித்தான் இருக்க முடியும் என்று நம்புகிறேன். உங்கள் பூக்கணக்கை இரண்டு வாரம் கழித்து நீங்களே திறந்து, உங்கள் நிரலிலேயே அப்படி ஒரு தேர்வு எழுதிப் பாருங்கள்.

பிளே ஸ்டோரில் ஏற்ற, ஒரே முறை 25 டாலர் கட்டிப் பதிய வேண்டும். 2023 நவம்பருக்குப் பின் தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருந்தாக வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் குறைத்தார்கள். நண்பர்களின் போன்களைக் கொண்டே எண்ணிக்கையை நிரப்பிக் கணக்குக் காட்டிவிடலாம்தான், ஆனால் அந்த 12 பேரில் இரண்டு பேராவது நிஜமாகவே பூ விற்பவர்களாக இருக்கட்டும். அவர்களிடம் எதைக் கேட்பது, அவர்கள் செயலியைத் தொடும்போது நாம் ஏன் வாய் திறக்கக் கூடாது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)