மூன்று சென்ட் மனையும் மேய்க்கால் நிலமும்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம். மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் காலனிக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். புங்க மரங்கள் இலை கொட்டித் தளிர் விட்டிருந்தன. காலனி முனையில் பெண்கள் சிலர் சாக்கை விரித்து உட்கார்ந்து புளியம்பழத்தை ஓடு நீக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாம் தேடிப் போன அக்காவின் வீட்டில் அன்று இரவுதான் ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. "வாங்க தம்பி, நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க" என்றவர், கையிலிருந்த குட்டியைக் கீழே விடவில்லை. பெரிய குட்டி தானாக எழுந்து மடியைப் பிடித்துவிட்டது. சின்னதற்குக் கால் நிற்கவில்லை. சாக்குத் துணியால் துடைத்து, காம்பை அதன் வாயில் வைத்துச் சீம்பால் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் குட்டி பிழைக்கும் என்பது அவருக்கு யாரும் பாடம் எடுத்துச் சொன்னதல்ல.

ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஐப்பசி மழையில் பச்சை தழைக்கும்போது சினைப்பட்டது பங்குனி வாக்கில் குட்டி போடும். அந்தக் கணக்கைக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகள் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். கோழி அடை வைத்த நாளும் அதிலேயே இருக்கிறது. கூடையில் உமி பரப்பி, கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, பதினொரு முட்டை வைத்திருக்கிறார்கள். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்க வேண்டும். கால்நடை மருந்தகத்தார் பிப்ரவரியில் கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட வந்தபோது, தெருவிலுள்ள கோழிகளையெல்லாம் பிடித்துக் கொடுத்ததும் அந்த மகள்தான்.

1,300 சதுர அடிக்குள் ஒரு பண்ணை

மனை மொத்தம் மூன்று சென்ட். சதுர அடியில் சொன்னால் 1,300க்குச் சற்று அதிகம். அதில் ஒரு தொகுப்பு வீடு, ஓலை போட்ட ஆட்டுக்கொட்டில், குளிக்கும் மறைப்பு, அதையொட்டி இரண்டு வாழை. குளித்த தண்ணீர் வாழைக்கும் அதன் காலடியிலுள்ள கொத்தவரைக்கும் போகிறது. வாசலில் முருங்கை பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. தையோடு காய்ப்பு ஓய்ந்த அவரைக் கொடியைப் பந்தலிலிருந்து இழுத்து ஆட்டுக்குப் போட்டாயிற்று. அந்த இடத்தைக் கொத்தி, மாசிப் பட்டத்துக்கு வெண்டையும் முளைக்கீரையும் விதைத்திருக்கிறார்கள். வேலியே அகத்தி. ஆட்டுப் புழுக்கை கீரைக்கு உரம். அகத்திக் கீரை ஆட்டுக்குத் தீனி. எதுவும் வீணாவதில்லை.

"கடைக்குப் போறது எண்ணெய்க்கும் பருப்புக்குந்தான்" என்றார் அக்கா. மகளின் கல்லூரிக் கட்டணம் போன வருடம் இரண்டு கிடாய் விற்று வந்தது. மாமியாரின் வைத்தியச் செலவுக்கும் ஆடுதான் கைகொடுத்தது. யாரிடமும் கடன் கேட்டுக் கைகட்டி நிற்கவில்லை என்பதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. காலனி வீடுகளில் ஆடு என்பது வருமானம் மட்டுமல்ல, மானமும்கூட.

இந்த ஆடுகளின் வம்சம் 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் வந்தது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடு. சொந்த நிலம் இல்லாத ஏழைப் பெண்களுக்கென்றே வந்த திட்டம் அது. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு கேள்வி அப்போதும் கேட்கப்படவில்லை, இப்போதும் கேட்கப்படவில்லை. நிலமில்லாதவர் ஆட்டை எங்கே கொண்டுபோய் மேய்ப்பார்?

ஆட்டுக்குத் தெரியுமா?

சம்பா அறுத்த வயலில் ஆட்டை ஓட்டலாம்; யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஏரிப் பாசனமுள்ள வயல்களிலோ இப்போது நவரை நெல் பச்சையாக நிற்கிறது. போன வருடம் இதே பருவத்தில் கயிறு அறுத்துக்கொண்டு ஒரு ஆடு நவரையில் வாய் வைத்துவிட்டது. வயல்காரர் ஆட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டார். 2,000 ரூபாய் கட்டிய பிறகே ஆடு வீடு வந்தது. அதே ஊர்த்தெருவின் மாடு காலனிக்குள் வந்து வாழைக்கன்றைத் தின்றால் விரட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அதற்கு அபராதம் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

"ஆட்டுக்குத் தெரியுமா தம்பி, எது எவங்க நெலம்னு?" என்று கேட்டார் அக்கா. நம்மிடம் பதில் இல்லை. மகளிடம் இருந்தது.

வீட்டு மனைப் பட்டாவிலிருந்த புல எண்ணுக்கு அடுத்தடுத்த எண்களை அரசின் இணையச் சேவையில் போட்டு 'அ' பதிவேட்டைப் பார்த்திருக்கிறார் அவர். காலனிக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு இருக்கும் இடம் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு'. அதாவது ஊர்க் கால்நடைகள் மேய்வதற்கென்று ஒதுக்கப்பட்ட அரசு நிலம். நாம் நடந்து போய்ப் பார்த்தோம். சவுக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது. சுற்றிலும் முள்கம்பி. வேலிக்கு இந்தப் பக்கம்தான் அக்காவின் ஆடுகள் குட்டைக் கயிற்றில் நிற்கின்றன.

பழைய பயம்

"22ஆம் தேதி கிராம சபையில கேக்கப் போறேன்" என்கிறார் மகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. "கேட்டுட்டு நாளைக்குக் களையெடுக்க, நடவு நட அவங்ககிட்டதானே போய் நிக்கணும்?" என்கிறார். தாயின் பயத்தைக் கோழைத்தனம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பயத்துக்கு வயது நூறுக்கும் மேல்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். மக்கள் குடியிருந்த மனையே மிராசுதார்களின் பிடியில் இருந்தது. வேலைக்கு வர மறுத்தால் குடிசையைக் காலி செய்ய வேண்டிய நிலை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. முதல் பத்து ஆண்டுகள் அந்த நிலத்தை விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். அப்படியும் நிலங்கள் கைமாறின. அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டபோது, துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அக்காவின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது இந்த மாவட்டத்தாருக்குத் தெரியும்.

ஆனால் மகளின் பக்கமும் வரலாறு இருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்ச் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். ஆடுமாடுகள் குடித்த அந்தப் பொதுக்குளத்தில் தீண்டப்படாதோர் மட்டும் குடிக்கக் கூடாது என்றிருந்தது. பொதுச்சொத்தில் நமக்கும் பங்கு உண்டு என்று சொன்ன நாள் அது. அங்கே தண்ணீர், இங்கே புல்.

மனு எழுதுவோம்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பொதுச்சொத்துகளையும் நீர்நிலைகளையும் மற்றவரைப் போலப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ தடுப்பது வன்கொடுமை என்று 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. ஊர்ப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். மேய்க்கால், மந்தைவெளி, டி.சி. நிலம் என்று எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்று புல எண்ணோடு எழுதி வையுங்கள். நிலத்தை அளந்து எல்லை காட்டவும், ஆக்கிரமிப்பை அகற்றவும், ஊர் முழுவதற்கும் மேய்ச்சலுக்கு விடவும் கேளுங்கள். காலனிக்கு மட்டும் என்று கேட்க வேண்டாம். ஊர்த்தெருவின் ஏழை வீட்டு மாட்டுக்கும் அந்தப் புல் வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். கோடையில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தனி ஆளாகப் போக வேண்டாம். ஒரு பெயர் இருந்தால் அந்த வீட்டுக்கு வேலை நிற்கும். முப்பது பெயர் இருந்தால் யாருக்கு வேலையை நிறுத்துவார்கள்?

இதைத்தான் அக்காவிடமும் சொன்னோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சின்னக் குட்டியை மறுபடி மடியில் விட்டுப் பார்த்தார். இந்த முறை அது தானாகப் பிடித்தது. "மொதல்ல மத்த வீடுங்க என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்" என்று எழுந்தார்.

நாம் கிளம்பும்போது தாயும் மகளும் பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். மகள் கையில் நோட்டு இருந்தது.