சுவரிலிருந்து விழுந்த கல்

தெரேஸ்புரம் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். இடிபாட்டில் கிடந்த கல்லொன்றைக் கையில் எடுத்தேன். தேங்காய் அளவு. காரை ஒட்டாத பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள், வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி. 'புதைபடிவம்' என்று மனம் உடனே தீர்ப்பெழுதிவிட்டது. பெயரிட்டுவிட்டால் பொருள் நம் வசமாகிவிட்டது என்கிற படித்தவனின் அவசரம். கூட நின்ற சங்குக் குளியாளி அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாசிலும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. பூச்சி கட்டுன வீடு. எங்க தாத்தா காலத்துல தீவுலேர்ந்து வள்ளம் வள்ளமா ஏத்திட்டு வந்தது."

அவர் சொல்வதை 'அனுபவம்' என்றும் நான் தேடப்போவதை 'அறிவியல்' என்றும் பிரித்து வைக்க எனக்கு விருப்பமில்லை. இருவரும் ஒரே பிரதியைத்தான் வாசிக்கிறோம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அவர் வாசிப்பை ஏற்பதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முதலில் எலுமிச்சைச் சாறு. கல்லைச் சுரண்டிப் பொடிமேல் விட்டேன்; நுரைத்தது. அது கால்சியம் கார்பனேட் என்பதற்கு மேல் அந்த நுரை எதையும் சொல்லாது. நேற்றுச் செத்த பவளமும் நுரைக்கும், லட்சம் வருஷத்துப் பவளமும் நுரைக்கும். ஒன்றை மட்டும் விலக்கலாம். திருவக்கரையில் கிடக்கும் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்களைப் போலச் சிலிக்காவாக மாறிய பொருள் இதுவல்ல. அது நுரைக்காது, கண்ணாடியையே கீறும். என் கல்லை ஒரு ஊசி கீறியது.

உருவத்தை நம்பலாமா? பாறை வெடிப்பில் மாங்கனீசு கசிந்து செடிபோலப் படர்ந்திருப்பதை இலை என்று பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. இங்கே குழியும் ஆரமும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. உயிர் கட்டியதுதான். மிச்சக் கேள்வி காலம்.

அதற்கு உடைத்துப் பார்க்க வேண்டும். பவளப்பூச்சி தன் கூட்டை அரகோனைட் என்ற படிக வடிவில் கட்டுகிறது. கடலுக்கு வெளியே வந்து மழைநீர் ஊறி ஊறி, நாளாவட்டத்தில் அது கால்சைட்டாக மாறும், துளைகளில் படிகம் நிரம்பும், கல் கனக்கும், தகடுகளின் கூர்மை போகும். என் கல்லின் புது உடைப்பில் தகடுகள் வெள்ளை வெளேரென்று கூராக நின்றன. துளைகள் திறந்தே இருந்தன. கையில் லேசு. நுண்ணோக்கிக்கு வெட்டிக் கொடுக்காமல் முடிவு கட்டக் கூடாதுதான், ஆனால் சாய்வு அண்ணாச்சி பக்கம்.

கல் கிடந்த இடமும் சாட்சி. துறைமுக ஊரில் அந்தச் சாட்சி சட்டென்று பிறழும். பாய்மரக் கப்பல்கள் சமநிலைக்காக அடியில் ஏற்றிய பாரக்கல் எந்த நாட்டுக் கரையிலும் விழும். அனல்மின் நிலையத்துக்காகப் பாரதீப் வழியாக இங்கே வந்திறங்கிய ஒடிசா நிலக்கரியோடு 25 கோடி ஆண்டுக்கு முந்தைய குளோசோப்டெரிஸ் இலைத்தடம் பதிந்த களிக்கல் வந்திருந்தால் அதில் அதிசயமில்லை. அந்தப் பாறை வரிசைக்குக் 'கோண்ட்வானா' என்று பெயர். கோண்டு மக்களிடமிருந்து பெயரையும் எடுத்தார்கள், கரியையும் எடுத்தார்கள்.

சரி, எத்தனை வயதானால் புதைபடிவம்? 10,000 ஆண்டு என்பது வழக்கில் உள்ள கோடு. நாம் கிழித்த கோடு. ராமேசுவரம் பகுதியில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளத்திட்டைப் பற்றி ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972இல் எழுதினார்கள்; அதன் வயது சுமார் 4,000 ஆண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரிச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த செத்த சங்கும் இதே இடைநிலைதான். உயிருள்ளதும் அல்ல, முழுக்கக் கல்லும் அல்ல.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. 2001இல் திட்டுக் கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; எடுத்தால், வைத்திருந்தால் குற்றம். அழிவாபத்து உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையோ கல்பவளங்களைப் பட்டியலிட்டுவிட்டு, புதைபடிவத்துக்கு விலக்குத் தருகிறது. ஒரே கூடு ஒரு சொல்லால் சரக்காகிறது, இன்னொரு சொல்லால் குற்றமாகிறது. இந்தச் சொல்லைச் சொல்லும் அதிகாரம் குளியாளியிடம் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிப்போயின. அவற்றைக் காத்த திட்டுகளை வெட்டியெடுத்தது சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும். வெட்டியவன் கூலி வாங்கினான். சுவர் யாருடையது என்பதை அந்தத் தெருவில் நடந்தாலே தெரியும். சட்டப் புத்தகத்தில் முதலில் அகப்படுவது வெட்டியவன்.

"அப்ப நான் இத வச்சிருந்தா கேசா அண்ணாச்சி?" என்றேன்.

"ஒனக்குக் கேசுன்னா இந்தத் தெரு முழுக்க உள்ள போகணும்லா!"

கல்லை இடிபாட்டிலேயே திரும்பப் போட்டேன். மறுநாள் போனபோது லாரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. பள்ளம் நிரப்பவாம்.